ஒரு சொல்லும் ஓர் ஆட்டுக்கடாவும்

1530 ஜூன் 25 பிற்பகல். ஆக்ஸ்பர்க் ஆயர் மாளிகைக் கூடத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வந்து அமர்ந்துவிட்டார். சாக்சனியின் அமைச்சர் கிறிஸ்டியான் பையர், மெலாங்டன் எழுதிய விசுவாச அறிக்கையின் ஜெர்மன் படியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். சென்ற இதழை அங்கேதான் நிறுத்தினோம். இந்த வாரம் அவர் வாசிக்கத் தொடங்கியாக வேண்டும். ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன், அந்தக் கூடத்துக்கு வரவே முடியாத ஒருவரைப் பார்த்துவிட வேண்டியிருக்கிறது. வோர்ம்ஸ் தீர்ப்புக்குப் பிறகு லூத்தர் பேரரசின் சட்டத்துக்குப் புறம்பானவர். ஆக்ஸ்பர்கில் கால் வைத்தால் கைதுதான். அதனால் வடக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால், சாக்சனி ஆட்சியின் தென்கோடிக் கோட்டையான கோபுர்கில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அடைந்து கிடந்தார். ஜூன் தொடக்கத்தில் தந்தை இறந்த செய்தி அங்கேதான் வந்தது. அரசியல் முழுக்க ஆக்ஸ்பர்கில் நடந்துகொண்டிருக்க, செப்டம்பரில் அவர் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு திறந்த மடல் எழுதினார். அதன் மையத்தில் இருப்பது ஒரே ஒரு ஜெர்மன் சொல்: 'அலைன்'. தமிழில் 'மட்டும்'. ஆக்ஸ்பர்கில் வாசிக்கப்பட்ட அறிக்கையின் உயிர்நாடி இந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கூடத்துக்குள் நுழைவதில் பயனில்லை.

வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த குளிர்காலத்தில், பதினோரு வாரங்களில் லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த கதையைப் பார்த்திருக்கிறோம். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வெளிவந்தபோது ரோமர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரம் 28-ஆம் வசனத்தில் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல், விசுவாசத்தால் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்பது பவுல் சொன்ன கருத்து. லூத்தர் அதில் 'விசுவாசத்தால் மட்டும்' என்று ஆக்கினார். கிரேக்க மூலத்தில் 'மட்டும்' இல்லை, லத்தீனிலும் இல்லை. தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டையின் நுட்பம் சட்டென்று பிடிபடும். தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களில் பிரிநிலையும் ஒன்று. பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து நிறுத்த நமக்குத் தனிச் சொல்லே வேண்டாம், ஓர் ஏகாரம் போதும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பரவலாகப் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த வசனத்தில் 'மட்டும்' கிடையாது, ஏகாரம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அந்த வசதி இல்லை. ஒரு முழுச் சொல்லைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. வைத்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

முதலில் கண்ணில் பட்டவர்களில் ஒருவர் ஹிரோனிமுஸ் எம்சர். இந்தத் தொடரில் இதுவரை அவருக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை. லூத்தரின் தீராப் பகைவரான சாக்சனி கோமகன் ஜார்ஜின் செயலராக இருந்தவர், நல்ல லத்தீன் அறிஞர், விடாக்கண்டர். தன் நூல்களின் முகப்பில் குடும்பச் சின்னத்தை அச்சிடுவது அவர் வழக்கம். அந்தச் சின்னத்தில் ஓர் ஆட்டுக்கடா. லூத்தர் விடுவாரா? 1521-இல் 'லைப்சிக் ஆட்டுக்கடாவுக்கு' என்று தலைப்பிட்டே ஒரு துண்டு நூல் வெளியிட்டார். எம்சர் 'விட்டன்பெர்க் எருதுக்கு' என்று பதில் கொடுத்தார். கடாவும் எருதும் முட்டிக்கொண்ட அந்த நூல்கள் அச்சுக்கூடங்களுக்கு நல்ல வருமானம் தந்திருக்கும். அதற்கு முந்தைய டிசம்பரில் விட்டன்பெர்க் நகர வாசலுக்கு வெளியே போப்பின் ஆணை எரிந்த நெருப்பில் எம்சரின் நூல்களும் சேர்ந்து எரிந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர் கையில் லூத்தரின் புதிய ஏற்பாடு கிடைத்தது. ஜார்ஜ் தன் நாட்டில் அதைத் தடை செய்தார். எம்சர் உட்கார்ந்து பிழைகளை எண்ணினார். 1523-இல் அவர் வெளியிட்ட கணக்கு, 1,400 பிழைகள். அதோடு நிற்கவில்லை. 1527-இல் கத்தோலிக்கருக்கான ஜெர்மன் புதிய ஏற்பாடு ஒன்றை வெளியிட்டார். அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் லூத்தரின் நடை. லூத்தரின் முன்னுரைகளையும் பெயரையும் எடுத்துவிட்டு, இடையிடையே லத்தீன் வுல்காத்தாவுக்கு ஏற்பத் திருத்தி, அதே கிரானாக் சித்திரங்களோடு வந்த நூல் அது. அந்த ஆண்டு நவம்பரிலேயே எம்சர் இறந்துபோனார். கோபுர்கில் அமர்ந்து எழுதியபோது லூத்தருக்கு ஆத்திரம் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் இறந்தவரின் பெயரைச் சொல்லாமல், அவர் தன் நீதிபதியிடம் போய்விட்டார் என்று மட்டும் குறிப்பிட்டார். எம்சர் வில்லன் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரியின் நடையில் மயங்கி, அந்த நடையையே எடுத்துக்கொண்டு எதிரியை மறுக்க முயன்ற மனிதர் அவர். 1,400 பிழை கண்ட நூலை அவரே ஏறக்குறைய அப்படியே கடன் வாங்கினார். அந்த மொழிபெயர்ப்பின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

லூத்தரின் பதில் இரண்டு அடுக்குகளாக இருந்தது. முதல் அடுக்கு மொழி பற்றியது. ஒன்றை உண்டென்றும் மற்றொன்றை இல்லையென்றும் ஒரே மூச்சில் சொல்லும்போது ஜெர்மன்காரன் 'மட்டும்' போட்டுத்தான் பேசுவான்: குடியானவன் தானியம் மட்டும் கொண்டுவந்தான், காசு கொண்டுவரவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று லத்தீன் எழுத்துகளைக் கேட்கக் கூடாது. வீட்டிலுள்ள தாயையும், தெருவில் விளையாடும் பிள்ளைகளையும், சந்தையில் நிற்கும் சாதாரண ஆளையும் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பற்றி ஐரோப்பாவில் எழுதப்பட்டவற்றில் இதற்கு இணையாகத் தெளிவானது அதிகம் இல்லை. ஆனால் இது இலக்கணத்தோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் நாடுகள் பிளந்திருக்காது. இரண்டாவது அடுக்கில் அவரே ஒப்புக்கொள்கிறார்: பவுலின் வாதமே அந்தச் சொல்லைக் கேட்கிறது. கிரியைகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் மிஞ்சுவது எது? விசுவாசம் மட்டும்தானே? எம்சர் தரப்பு இதைப் புதுச் சரக்கு என்று சொன்னது. அது சரியல்ல. மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன், நான்காம் நூற்றாண்டின் ஹிலாரி ஆகியோரின் எழுத்துகளில் இதே சொற்சேர்க்கை உண்டு. இடைக்காலத் திருச்சபையின் மாபெரும் ஆசான் தாமஸ் அக்வினாஸ்கூட, தீமோத்தேயு நிருபத்துக்கு எழுதிய உரையில் 'விசுவாசத்தால் மட்டும்' என்கிறார். அவர்கள் எல்லோரும் லூத்தர் சொன்ன பொருளில்தான் சொன்னார்கள் என்று நான் வாதிடவில்லை. அது தனி விவாதம். சொல் புதிதல்ல என்பதுதான் இங்கே செய்தி. புதிது, அந்தச் சொல்லின்மேல் ஒரு மனிதனின் முழு அடையாளத்தையும் தூக்கி வைத்த துணிச்சல்.

அடையாளம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இந்த விவாதத்தைப் பலர் சொர்க்கத்துக்கு எந்த வழியில் போவது என்கிற பயண விசாரணையாகவே படிக்கிறார்கள். அதற்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: நான் யார் என்பதை எது தீர்மானிக்கிறது, நான் செய்தவையா, எனக்குக் கொடுக்கப்பட்டதா? விட்டன்பெர்க் கோட்டைக் கோயிலில் லூத்தரின் சொந்தப் புரவலரான பிரெடெரிக் சேர்த்து வைத்திருந்த புனிதப் பண்டங்களை நினைத்துப் பாருங்கள். 1520 கணக்குப்படி 19,013 துண்டுகள். உரிய நாளில் வந்து வணங்கி, உரிய காணிக்கை செலுத்துகிறவருக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தில் குறையும் தண்டனை மொத்தம் 19,02,202 ஆண்டுகளும் 270 நாட்களும். அந்த 270 நாட்களைப் பாருங்கள். கணக்குப்பிள்ளை எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்! மனிதனைப் பேரேட்டில் ஒரு வரியாகப் பார்க்கும் பார்வை முற்றினால் இங்கேதான் வந்து நிற்கும். இந்த ஏடு எத்தனை கோடிக்குப் போனாலும் கூட்டுத்தொகை போதுமா என்கிற பயம் தீராது. எர்ஃபுர்ட் மடத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து குருவைக் களைப்படைய வைத்த இளம் துறவி லூத்தருக்கு அங்கே அந்தப் பயம் தீரவில்லை. 1520-இல் எழுதிய 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' நூலில் அவர் சொல்லும் ஓர் உவமை மொத்த வாதத்தையும் தாங்குகிறது. ஓர் ஆயர் கோயிலை அபிஷேகம் செய்கிறார், பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்கிறார். இந்தச் செயல்கள் அவரை ஆயர் ஆக்குவதில்லை. ஏற்கெனவே ஆயராக இருப்பதால்தான் இவை ஆயரின் செயல்களாகின்றன. வேறொருவர் இதையே செய்தால் வெறும் வேடிக்கை. அதுபோல, செயல் கிறிஸ்தவனை ஆக்குவதில்லை, கிறிஸ்தவனிடமிருந்து செயல் வருகிறது. அப்படியானால் விசுவாசமும் மனிதன் செய்யும் ஒரு செயல்தானே, பேரேட்டில் அதை மட்டும் எழுதிக்கொண்டதுதானா வித்தியாசம் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அதற்கும் அந்த நூலிலேயே பதில் உண்டு. விசுவாசத்தை அவர் திருமண மோதிரமாகப் பார்க்கிறார்: ஏழையும் கெட்டுப்போனவளுமான பெண்ணைச் செல்வமும் நேர்மையும் உள்ளவன் மணக்கிறான், அவள் கடன் அவன் பொறுப்பு, அவன் சொத்து அவள் உரிமை. மோதிரத்தைக் கொடுத்து அவள் சொத்தை விலைக்கு வாங்கவில்லை. மோதிரம் உறவின் அடையாளம், அவ்வளவுதான்.

இனி யாக்கோபு. எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆயுதம் இது. இதை மழுப்புகிற லூத்தர் பக்தர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிய ஏற்பாடு முழுவதிலும் 'விசுவாசத்தால் மட்டும்' என்கிற சொற்சேர்க்கை ஒரே இடத்தில்தான் வருகிறது. யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரம் 24-ஆம் வசனம். அங்கே அது எதிர்மறையாக வருகிறது: விசுவாசத்தால் மட்டும் அல்ல. பவுல் எழுதாத சொல்லைப் பவுலின் வாயில் வைத்தவர், அந்தச் சொல்லை எழுதிய யாக்கோபை என்ன செய்தார்? 1522 முன்னுரையில் அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். எபிரெயர், யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றோடு சேர்த்துக் கடைசிக்குத் தள்ளி, பொருளடக்கத்தில் வரிசை எண்ணும் கொடுக்காமல் விட்டார். வைக்கோல் வாக்கியத்தைப் பிந்தைய பதிப்புகளில் நீக்கியது உண்மை. ஆனாலும் இது அவர் செய்த பிழை. செய்யத் தேவையே இல்லாத பிழை. பவுல், யாக்கோபு இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் ஆபிரகாமின் வாழ்வில் வெவ்வேறு நாட்களிலிருந்து. பவுல் பிடிப்பது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்து இரவை: பிள்ளையில்லாத கிழவன் நட்சத்திரங்களைப் பார்த்து வாக்குறுதியை நம்பிய இரவு. அப்போது விருத்தசேதனமும் இல்லை, ஈசாக்கும் இல்லை. யாக்கோபு பிடிப்பது பல ஆண்டுகள் கழித்து, 22-ஆம் அதிகாரத்தில், அதே மனிதன் மகனோடு மலையேறிய நாளை. ஒருவர் உறவு எங்கே பிறந்தது என்று கேட்கிறார். மற்றவர் அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறார். பேய்களும் கடவுள் உண்டென்று நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்லும்போது அவர் மறுப்பது மூளையின் ஒப்புதலை. லூத்தரும் அதை விசுவாசம் என்று ஒருபோதும் அழைத்ததில்லை. மெலாங்டன் இதை நிதானமாக விளக்கி, 1531-இல் அறிக்கைக்கு எழுதிய தற்காப்பு நூலில் யாக்கோபை நம் பக்கமே நிறுத்தலாம் என்று காட்டினார். சீடருக்கு இருந்த பொறுமை குருவுக்கு இல்லை.

கொள்கை சரி, நடைமுறையில் என்ன ஆயிற்று என்பது அடுத்த எதிர்ப்பு. நற்கிரியையால் ஆவது ஒன்றுமில்லை என்று மேடையில் சொன்னால் கேட்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டானா? இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும், இரு பக்கத்திலும் ஆதாரம் இருக்கிறது. 1523-இல் லைஸ்னிக் என்னும் சிறு நகரம் பொதுப்பெட்டி ஒன்றை நிறுவியது. அதன் விதிமுறைக்கு லூத்தர் முன்னுரை எழுதினார். பழைய அறக்கட்டளைகளும் மடச் சொத்துகளும் பூசைக் காணிக்கைகளும் இந்த ஒரே பெட்டிக்கு வர வேண்டும். பத்துப் பேர் நிர்வாகம்: பிரபுக்கள் இருவர், நகர மன்றத்தார் இருவர், நகரத்தார் மூவர், சுற்றுவட்டக் குடியானவர் மூவர். பெட்டிக்கு நான்கு தனித்தனிப் பூட்டுகள்; ஒவ்வொரு பிரிவின் கையிலும் ஒரு சாவி. ஞாயிறுதோறும் கூடி முதியவர், அநாதை, நலிந்த கைவினைஞர், பெண்பிள்ளைகள் பள்ளி உட்பட யாருக்கு என்ன என்று முடிவெடுக்க வேண்டும். இந்தப் பூட்டுகளுக்குள் ஓர் இறையியல் இருக்கிறது என்பேன். அதுவரை பிச்சைக்காரனுக்குப் போட்ட காசு போட்டவனின் ஆன்மக் கணக்கில் ஏறியது; பிச்சைக்காரன் அந்தக் கணக்குக்கு ஒரு கருவி, அவன் பிச்சைக்காரனாகவே இருந்தாக வேண்டும். 'மட்டும்' என்கிற சொல் அந்தக் கணக்கை மூடியதும் காசு முதன்முறையாக அவன் பசியை நோக்கித் திரும்பியது. கடவுளுக்கு என் நற்செயல் தேவையில்லை, அண்டைவீட்டானுக்குத் தேவை: லூத்தரின் போதனையைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆனால் லைஸ்னிக் நகர மன்றம் தன் பிடியிலிருந்த அறக்கட்டளைகளை விட்டுக்கொடுக்க மறுத்தது. திட்டம் எழுதியபடி நடக்கவில்லை. 1528-இல் ஊர் ஊராகச் சபைகளைப் பார்வையிடப் போன லூத்தர் கண்டது அறியாமையையும் மெத்தனத்தையும். அந்த அதிர்ச்சியில் பிறந்தவைதான் 1529-இன் இரண்டு ஞானோபதேச நூல்கள். 1530 தொடக்கத்தில், உங்கள் பேராசைக்குப் பிரசங்கம் ஒரு கேடா என்று கோபித்து, விட்டன்பெர்கில் சிறிது காலம் பிரசங்கம் செய்யவே மறுத்தார். இவ்வளவும் உண்மை. ஆனால் இந்த மெத்தனம் கொள்கையால் வந்தது என்று நிரூபிக்க வேண்டுமானால், அதற்கு முன் மக்கள் கொடுத்தது அன்பால் என்று காட்ட வேண்டும். பயம் போனதும் கொடுப்பது நின்றதென்றால், கொடுக்க வைத்தது பயமே. லூத்தர் அந்த நோயைக் கொண்டுவரவில்லை, வெளியே தெரிய வைத்தார்.

1525-இன் குடியானவர் கலவரத்தை மட்டும் இப்படி விளக்கிக் கடந்துவிட முடியாது. குடியானவர்கள் மெம்மிங்கனில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதியபோது கிறிஸ்தவ சுதந்திரத்தைச் சொல்லித்தான் எழுதினார்கள்: கிறிஸ்து எங்களையும் தம் இரத்தத்தால் மீட்டார், பிறகு நாங்கள் எப்படிப் பிரபுவின் உடைமை? அடையாளம் கொடுக்கப்பட்டதே தவிர ஈட்டப்பட்டதல்ல என்கிற வாதத்திலிருந்து இதைவிட நேர்மையான முடிவு எது வர முடியும்? லூத்தர் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆன்மாவின் சுதந்திரம் வேறு, நிலத்தின் சுதந்திரம் வேறு என்றார். கலவரம் மூண்டதும் பிரபுக்கள் வெட்டிச் சாய்க்கட்டும் என்று எழுதினார். ஒரு லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அப்படி எழுதிய நூலுக்காக அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அண்டைவீட்டானின் தேவைதான் விசுவாசத்தின் கை என்று கற்பித்தவர், அண்டைவீட்டான் கூட்டமாக வந்து கேட்டபோது வாளைக் காட்டினார். ஆனால் குற்றவாளி அந்தச் சொல் அல்ல, அதைப் பாதியில் நிறுத்தியவர். அந்தச் சொல்லைக் குடியானவர்கள் அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

லூத்தர் இறந்த பிறகு அவருடைய சீடர்களே இந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தார்கள். கேயோர்க் மாயோர் இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்றார். நிக்கோலாஸ் ஆம்ஸ்டோர்ஃப் கொதித்தெழுந்து, நற்கிரியை இரட்சிப்புக்குத் தீங்கானது என்று எதிர்முனைக்கே போய்விட்டார். 1577-இன் இணக்க அறிக்கை இருவரையும் விலக்கியது. கத்தோலிக்கத் தரப்பையும் நியாயமாகவே சொல்ல வேண்டும். 1547-இல் ட்ரென்ட் சங்கம் 'விசுவாசத்தால் மட்டும்' என்பதைக் கண்டித்த அதே ஆவணத்தில், நீதிமானாகும் கிருபையை அதற்கு முந்தைய எந்தக் கிரியையும் ஈட்டித் தர முடியாது என்றும் எழுதியது. பிரெடெரிக்கின் 270 நாட்கள் ரோமாபுரியின் சிறந்த இறையியல் அல்ல. அது ரோமாபுரி கண்டும் காணாமல் விட்ட வியாபாரம். கிருபை ஈட்டப்படுவதல்ல என்பதை இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள 1999 வரை ஆயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட இடமும் இதே ஆக்ஸ்பர்க்தான்.

தமிழில் இந்த விவாதத்துக்கு இன்னொரு சுவை உண்டு. சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சான புதிய ஏற்பாட்டோடு லூத்தரின் மரபு நம் கரைக்கு வந்தது. தமிழ் வேதாகம வழக்கில் செயலைக் குறிக்க நிலைத்துவிட்ட சொல் 'கிரியை'. சைவம் அறிந்த காதுக்குக் கிரியை என்றால் முதலில் கேட்பது சடங்கு: சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு படிகளில் இரண்டாவது. அதனால் தமிழர்கள் பவுலைத் தவறாகப் படித்துவிடுவார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. லூத்தர் முதலில் கை வைத்தது ஏழைக்கு இட்ட சோற்றின்மேல் அல்ல. யாத்திரை, நோன்பு, விலைபேசிய பூசை, எலும்புத் துண்டு வழிபாடு என்று கணக்கில் ஏறிய சடங்குகளின்மேல்தான். ஜெர்மன் மொழியின் பொதுச்சொல்லைவிடத் தமிழின் கிரியை அவர் குறியை இன்னும் நெருங்கிச் சுட்டுகிறது.

இப்போது கூடத்துக்குத் திரும்பலாம். பையர் கையில் இருக்கும் அறிக்கையின் நான்காம் பிரிவு, மனிதர் தம் கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவின் பொருட்டு, விசுவாசத்தால் இலவசமாக நீதிமானாக்கப்படுகிறார்கள் என்கிறது. அங்கே 'மட்டும்' இல்லை. எட்டு ஆண்டுகளாக ஊரெல்லாம் அடித்துக்கொண்ட சொல்லை மெலாங்டன் அந்த இடத்தில் எழுதவில்லை. இரண்டு பிரிவுகள் தள்ளி, ஆறாம் பிரிவில், தன் சொல்லாக இல்லாமல், திருச்சபைத் தந்தை அம்புரோசின் மேற்கோளாக அதை வைத்தார். அது அம்புரோஸ் எழுதியதல்ல, அவர் பெயரில் வழங்கிய வேறோர் உரையாசிரியருடையது என்பது பிறகு தெரியவந்தது. அன்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. இருபதாம் பிரிவில், நாங்கள் நற்கிரியைகளைத் தடுப்பதாகச் சொல்வது பொய் என்று தொடங்கி நீண்ட விளக்கம். இது கோழைத்தனமா, இராஜதந்திரமா? கோபுர்கில் இருந்தவர், தன்னால் இவ்வளவு மெதுவாக அடியெடுத்து வைக்க முடியாது என்று ஏற்கெனவே கடிதத்தில் எழுதியிருந்தார். பையர் இரண்டு மணி நேரம் வாசித்தார். கூடம் சிறியது, முற்றத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தி வாசித்தார். கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த வாரம்.